முன்ஷி அப்துல்லாவின் வமிசாவளி: குடும்ப வேர்த் தேடலில் பெண்வழிச் சான்றுகள்

முன்னுரை

நவீன சிங்கப்பூரின் இருநூறாம் ஆண்டையொட்டி, 2019ஆம் ஆண்டு சனவரியில் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்கு அருகே நான்கு சிலைகள் தற்காலிகமாக வைக்கப்பெற்றன. சாங் நீல உத்தமா, டான் டோக் செங், நாராயண பிள்ளை, முன்ஷி அப்துல்லா ஆகியோரின் சிலைகள் அவை. 1819இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்தவரும், சௌத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் தோன்றக் காரணமானவருமான நாராயண பிள்ளையைத் தமிழர் தம்மவராகக் கண்டு மகிழ்ந்தனர். முன்ஷி அப்துல்லாவைப் பார்த்தவர்களோ அவரை மலாய்ச் சமூகத்தின் அடையாளமாகவே கண்டனர். ஆளுக்கொரு சமூகம் என்று அமைந்த அந்த வரிசை அப்படி எண்ணத் தூண்டியது.

ஆனால், அப்துல்லாவின் பாட்டியார் பெயர் பெரியாச்சி; அப்பாட்டியின் தந்தை பெயர் மீரா லெப்பை. அவருடைய தந்தைவழிப் பாட்டனார் நாகூரிலிருந்து மலாக்காவுக்குக் கப்பலேறியவர். இச்செய்திகளை அப்துல்லாவே எழுதிவைத்துள்ளார். அவ்வாறிருந்தும் அவர் அரபியரா, தமிழரா, மலாய்க்காரரா என்னும் வழக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தொடர்கிறது. அவ்வழக்கில் எத்தரப்பு வெல்ல வேண்டும் என்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. குடியேறிய மூதாதை ஒருவரைத் தேடும்போது சான்றுகளை எவ்வாறு படிக்க வேண்டும், அவற்றில் யார் விடுபட்டுப்போகின்றனர் என்பவற்றை இவ்வமிசாவளியின் துணைகொண்டு விளக்குவதே நோக்கமாகும். வகுப்பறையில் மாணவர்க்குக் குடும்ப வரலாற்றுப் பணி அளிக்கும் தமிழாசிரியர்களுக்கு இது பயன்படும் என நம்பலாம்.

அப்துல்லா தரும் வமிசாவளி

அப்துல்லா மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தவர். அவர் பிறந்த ஆண்டு 1796 எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. தம் வாழ்க்கை வரலாறாகிய ‘ஹிக்காயாட் அப்துல்லா’வை 1843இல் எழுதி முடித்தார், அது 1849இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்தது. 1854இல் ஹஜ் பயணத்தில் அவர் மறைந்தார். நூலின் தொடக்கத்திலேயே தம் குலவரலாற்றைக் கூறுகிறார். அதன் சாரம் பின்வருமாறு.

அவருடைய பூட்டனார் ஷேக் அப்துல் காதிர், யேமன் நாட்டு அரபியர். சமயமும் மொழியும் கற்பித்தவர். அவர் கிழக்கு நோக்கிப் பயணம் செய்து தென்னிந்தியாவை அடைந்து, நாகூரில் தங்கி, அங்கேயே மணம் புரிந்தார். அவர்க்கு ஆண்மக்கள் நால்வர். தந்தை மறைந்தபின் நால்வரும் கடல் கடந்தனர். மூவர் இன்றைய இந்தோனேசியத் தீவுகளுக்குச் சென்றனர். முகம்மது இப்ராஹீம் மட்டும் மலாக்காவில் தங்கி, மீரா லெப்பையின் மகளாகிய பெரியாச்சியை மணந்தார். அவர்களின் மகன் அப்துல் காதிர். அவருடைய மகனே அப்துல்லா. தாயார் சலாமா, மலாக்காவில் பிறந்தவர். தாய்வழி முன்னோர் கெடாவில் வாழ்ந்து இஸ்லாம் தழுவி, பின்னர் மலாக்காவுக்குப் பெயர்ந்த இந்தியர்.

இஃது ஒரு மனிதர் தம் நடுவயதில், தம் குடும்பத்தாரிடம் கேட்டவற்றைக் கொண்டு எழுதிய வமிசாவளி. யேமன் முதல் மலாக்கா வரையிலான இக்கதையின் முதல் இரு தலைமுறைகளுக்கு அவர் நேர்ச்சாட்சி அல்லர். எனினும், மலாய் மொழியில் தம் குடும்பத் தோற்றத்தை இவ்வளவு தெளிவாக எழுதிவைத்தவர் அவர் காலத்தில் அரியர். ஆகவே இதனைப் புறந்தள்ளவும் இயலாது. அப்படியே ஏற்கவும் இயலாது. படிக்கும் முறையே முதன்மையானது.

உரிமை கோரும் மூன்று தரப்புகள்

அப்துல்லாவிடம் மலாய் பயின்றவரும், 1840களில் சிங்கப்பூரில் அரசு நில அளவையாளராகப் பணியாற்றியவருமான ஜான் டர்ன்புல் தாம்சன், அவரைப் பற்றி ஒரு சொல்லோவியம் தீட்டியுள்ளார். அப்துல்லாவின் முகத்தோற்றம் தென்னிந்தியத் தமிழரின் தோற்றம் என்றும், உடை மலாக்காத் தமிழரின் உடை என்றும் அவர் குறிக்கிறார். குணத்தில் அரபியரின் பெருமிதத்தையும் இந்தியரின் விடாமுயற்சியையும் காண்கிறார். மொழியாலும் இனப்பற்றாலும் மட்டுமே அவர் மலாய்க்காரர் என முடிக்கிறார். ஒரே பத்தியில் மூன்று அடையாளங்களும் வந்துவிடுகின்றன. மனிதரை இனவாரியாகப் பகுத்துக் குணம் கூறும் அக்கால ஐரோப்பிய நோக்கு இதில் வெளிப்படையாகத் தெரிகிறது. ஆயினும், மலாக்காவில் தமிழர்க்குரியதென அறியப்பட்ட ஓர் உடையை அப்துல்லா அணிந்தார் என்பது கண்ணால் கண்டவர் தரும் செய்தி. அதனை அவருடைய இனக்கோட்பாட்டிலிருந்து பிரித்து எடுத்துக்கொள்ளலாம்.

மலாய் இலக்கிய வரலாறு அப்துல்லாவை நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றியது. அதே வேளையில், அவர் மலாய் ஆட்சியாளரையும் வழக்கங்களையும் கடுமையாகச் சாடியதால், அவருடைய வமிசத்தைச் சுட்டிக்காட்டி அவரை அயலவராகக் கருதிய திறனாய்வாளரும் உளர். தமிழ்த்தரப்போ, நாகூர் என்னும் ஊர்ப்பெயரைக் கண்ட அளவில் அவரைத் தமிழர் என உரிமை பாராட்டுகிறது. இம்மூன்று நிலைப்பாடுகளுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஒவ்வொன்றும் வமிசாவளியின் ஓர் இழையை மட்டும் பற்றிக்கொண்டு ஏனையவற்றை விட்டுவிடுகிறது.

எண்மரில் இருவர்

ஒருவர்க்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். அதற்கு முந்திய தலைமுறையில் பூட்டன் பூட்டியர் எண்மர். அப்துல்லாவின் கூற்றை இக்கட்டத்தில் இட்டுப் பார்ப்போம்.

எண்மருள் ஒருவர் யேமனிலிருந்து வந்த ஷேக் அப்துல் காதிர். மற்றொருவர் அவரை நாகூரில் மணந்த பெண்; அவர் பெயர் இல்லை. மூன்றாமவர் மீரா லெப்பை. நான்காமவர் அவருடைய மனைவி. அவர் பெயரும் இல்லை. தாய்வழியில் வரும் எஞ்சிய நால்வரும் கெடா இந்தியர் என்னும் பொதுக்குறிப்புக்குள் அடங்கிவிடுகின்றனர். ஆக, எண்மருள் பெயரோடு நம்மை வந்தடைவோர் இருவரே, இருவரும் ஆண்கள். அடுத்த தலைமுறையில்தான் பெரியாச்சி என்னும் ஒரு பெண்பெயர் தோன்றுகிறது.

அரபு வமிசம் என்னும் கூற்றை முழுமையாக ஏற்றாலும், அஃது எட்டில் ஒரு பங்கே. ஏனைய ஏழு பங்குகளில் பெரும்பாலானவை, அப்துல்லாவின் சொற்படியே, தமிழகக் கரையையோ கெடாவின் இந்தியரையோ சார்ந்தவை. எனினும் எட்டில் ஒரு பங்கே ‘வமிசம்’ ஆயிற்று. தந்தைவழியை மட்டும் குலமெனக் கொள்ளும் வழக்கே இதற்குக் காரணம். தமிழ்ச் சமூகமும் இதே வழக்கை உடையதே என்பதை நாம் மறத்தல் கூடாது. அவர் தந்தைவழி நாகூரிலேயே தொடங்கி, தாய்வழி யேமனிலிருந்து வந்திருந்தால், நாமும் அந்த யேமன் பெண்ணின் பெயரைக் கேட்டிருக்கமாட்டோம்.

இக்காலத்தில் மரபணுச் சோதனை இச்சிக்கலைத் தீர்க்கும் எனப் பலர் எண்ணுகின்றனர். தந்தைக்குத் தந்தையெனச் செல்லும் வழியை ஒய் குரோமோசோமும், தாய்க்குத் தாயெனச் செல்லும் வழியை மைட்டோகாண்டிரிய மரபணுவும் காட்டும். அப்துல்லாவின் கட்டத்தில் முதல் வழி யேமனுக்கும் இரண்டாம் வழி கெடாவுக்கும் செல்லும். தந்தையின் தாயாகிய பெரியாச்சியும், பாட்டனாரின் தாயாகிய நாகூர்ப் பெண்ணும் இவ்விரு வழிகளிலும் இடம்பெறார். குடும்பத்தைத் தமிழ்க்கரையோடு பிணைத்த அவ்விரு பெண்களையும் ஏடு தவறவிட்டது போலவே இச்சோதனைகளும் தவறவிடும். எல்லா மூதாதையரின் கலப்பையும் மதிப்பிடும் வேறு சோதனைகள் உண்டு. அவை நிலப்பகுதியை உத்தேசமாகச் சொல்லும். பெயரையோ மொழியையோ சொல்லமாட்டா.

பெயர்கள் தரும் சான்று

ஆவணம் குறைந்த இடத்தில் பெயரே ஆவணமாகிறது. ‘லெப்பை’ என்பது தமிழக முஸ்லிம்களிடையே சமயக்கல்வி புகட்டுவோரையும் ஒரு சமூகப் பிரிவினரையும் குறிக்கும் பெயர். ‘ஆச்சி’ என்பது மதிப்பிற்குரிய பெண்ணையும் பாட்டியையும் குறிக்கும் தமிழ்ச்சொல். மலாக்காவில் வாழ்ந்த மீரா லெப்பையின் குடும்பம் பெண்ணைத் தமிழில் அழைத்த குடும்பம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ‘பெரியாச்சி’ என்பது அப்பெண்ணுக்கு இட்ட பெயராக இல்லாமல், வீட்டார் அழைத்த முறைப்பெயராகவும் இருக்கலாம். இன்றும் பல குடும்பங்களில் பேரப்பிள்ளைகளைக் கேட்டால் ‘பெரியம்மா’, ‘அப்பாயி’ என்பார்களேயன்றி, இயற்பெயர் அறியமாட்டார்கள்.

தலைமுறைகளினூடே பெயர்கள் திரும்ப வருவதும் நோக்கத்தக்கது. பூட்டனார் பெயர் அப்துல் காதிர். அவருடைய பேரனாகிய அப்துல்லாவின் தந்தைக்கும் அதே பெயர். பாட்டனார் பெயர் முகம்மது இப்ராஹீம். பின்னாளில் ஜொகூர் அரசுப் பணியில் புகழ்பெற்ற அப்துல்லாவின் மகனுக்கும் அதே பெயர். பாட்டன் பெயரைத் தாங்குபவன் ஆதலால் ‘பெயரன்’ ஆனான் என்று விளக்கம் தரும் தமிழ்மரபு நமக்கு உடனே நினைவுக்கு வரும். ஆனால் அரபுக் குடும்பங்களிலும் இவ்வழக்கம் உண்டு. மேலும், நாகூரில் அடக்கமாகியுள்ள சாகுல் ஹமீது ஆண்டகையும் அப்துல் காதிர் என்னும் பெயராலும் அழைக்கப்பெறுபவர்; நாகூரோடு தொடர்புடைய குடும்பங்களில் அப்பெயர் பெருவழக்கு. ஆகவே ஒரே பெயர் அரபு வமிசத்துக்கும் நாகூர் மரபுக்கும் ஒருசேரச் சான்றாகிறது. ஒன்றை நிறுவ அதனைப் பயன்படுத்துவோர் மற்றொன்றை மறுக்க அதனைப் பயன்படுத்த இயலாது.

இவ்விடத்தில் மற்றொன்றும் கருதத்தக்கது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவும் தம் முன்னோர் அரபு வணிகர் எனக் கூறும் மரபுடையவை. ‘எம் முன்னோர் அரபு நாட்டிலிருந்து வந்தவர்’ என்னும் கூற்று, தமிழ்க்கரையோர முஸ்லிம் வமிசாவளிகளின் இயல்பான தொடக்கமே. அரபு வமிசம் கூறுவதால் ஒருவர் தமிழ் மரபுக்கு வெளியே சென்றுவிடுவதில்லை. அப்துல்லாவின் வரலாற்றில் யேமனையும் நாகூரையும் எதிரெதிரே நிறுத்துவது பிற்காலத்தாரின் பழக்கம்.

அவருடைய மொழிக்கல்வியும் இதற்குத் துணைநிற்கிறது. தந்தையார் தம்மைத் தமிழ் கற்க அனுப்பினார் என்றும், இரண்டரை ஆண்டுகள் பயின்றதாகவும் அவர் எழுதுகிறார். மலாக்காவில் வசதிபடைத்தோர் பலரும் தம் பிள்ளைகளைத் தமிழ் கற்கவைத்தனர்; கணக்கு வழக்குகளுக்கும் உரையாடலுக்கும் அது வேண்டியிருந்தது என்பது அவர் கூறும் காரணம். தமிழைத் தம் பாட்டியின் மொழி என அவர் கூறவில்லை. வணிகத்தின் மொழி என்றே கூறுகிறார். தமிழர் என அவரை உரிமை பாராட்ட விரும்புவோர் இதனையும் நேர்மையாகக் கருத்தில் கொள்ள வேண்டும். வீட்டில் தமிழ் இயல்பாக வழங்கியிருந்தால் ஆசிரியரிடம் அனுப்பிக் கற்பித்தது எழுத்தும் கணக்கும் கருதியா, அல்லது பேச்சும் நழுவத் தொடங்கியிருந்ததா என்பது எண்ணிப்பார்க்க வேண்டிய வினா.

பதிவேடுகள் வகுத்த இனம்

குடும்பம் தன்னைப் பற்றிக் கூறுவது ஒருபுறமிருக்க, அரசு அதனை எவ்வாறு பதிந்தது என்பது மறுபுறம். 1822இல் வகுக்கப்பட்ட சிங்கப்பூர் நகரத் திட்டத்தில் ஆற்றோரம் ஒரு பகுதி சூலியா கம்போங் எனக் குறிக்கப்பட்டது. சூலியா, கிலிங், மலபார் என்னும் பெயர்கள் அக்காலப் பதிவுகளில் தென்னிந்தியரைக் குறிக்க மாறி மாறி வந்தன. கிலிங் என்பது பின்னர் இழிசொல்லாகக் கருதப்பட்டு, 1920களின் தொடக்கத்தில் சிங்கப்பூரின் கிலிங் தெரு சூலியா தெரு ஆயிற்று. இப்பெயர்களில் எதுவும் ஒருவரின் தாய்மொழியையோ சமயத்தையோ உறுதியாகக் காட்டுவதில்லை. பழைய பதிவில் ‘கிலிங்’ என்றிருப்பவர் இந்துவாகவும் இருக்கலாம், முஸ்லிமாகவும் இருக்கலாம்.

தென்னிந்திய முஸ்லிம் ஆண்களுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த வழியினர் ‘ஜாவி பெக்கான்’ அல்லது ‘ஜாவி பெரானாக்கான்’ எனப்பட்டனர். நீரிணைக் குடியேற்றங்களின் 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, மக்களைப் பெருந்தலைப்புகளின் கீழ் வகைப்படுத்தியது. அதில் ‘தமிழரும் இந்தியாவின் பிற மக்களும்’ என ஒரு தலைப்பும், ‘மலாய்க்காரரும் தீவுக்கூட்டத்தின் பிற மக்களும்’ என ஒரு தலைப்பும் இருந்தன. ஜாவி பெக்கான் இரண்டாம் தலைப்பின் கீழ் வைக்கப்பட்டனர். ஒரு குடும்பத்தின் தந்தைவழி எதுவாயினும், அலுவலர் போட்ட தலைப்பு அதனை மலாய்ப் பகுப்பினுள் சேர்த்தது. பின்வந்த தலைமுறைகள் அத்தலைப்பையே தம் தோற்றமாகக் கொண்டது வியப்பன்று.

எனினும் எல்லாமே அலுவலர் செயல் அன்று. குடும்பங்களும் தேர்வு செய்தன. 1876இல் சிங்கப்பூரில் தொடங்கிய ‘ஜாவி பெரானாக்கான்’ முதல் மலாய்ச் செய்தித்தாள் எனப் போற்றப்படுகிறது. அதனை நடத்தியோர் இவ்வழியினரே. 1887இல் அதே நகரில் மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ என்னும் தமிழ் இதழைத் தொடங்கினார். கடல் கடந்து வந்த முஸ்லிம் சமூகத்தின் ஒரு கிளை மலாய் எழுத்தையும் மற்றொரு கிளை தமிழ் எழுத்தையும் தன்னுடையதாக்கிக்கொண்டது. இதன் மறுபக்கத்தை மலாக்காச் செட்டிகளிடம் காணலாம். மொழியால் மலாய், சமயத்தால் இந்து என வாழும் அவர்களின் பொய்யாத விநாயகமூர்த்தி கோயில் 1781இல் எழுந்தது. மொழி, சமயம், வமிசம் ஆகிய மூன்றும் ஒன்றாகவே பயணம் செய்யும் என்னும் எண்ணத்தை இத்துறைமுகங்கள் பொய்யாக்குகின்றன.

சட்டங்களும் இதனை வெவ்வேறு வகையில் கையாண்டுள்ளன. 1957ஆம் ஆண்டு மலாயாக் கூட்டரசு அரசமைப்பின் 160ஆம் விதி மலாய்க்காரர் என்பதற்குத் தரும் இலக்கணம், இஸ்லாம் சமயம், மலாய் மொழி வழக்கு, மலாய் ஆசாரம் ஆகியவற்றைக் கூறுகிறது, குருதிவழியைக் கூறவில்லை. சிங்கப்பூரிலோ பிள்ளையின் இனம் நெடுங்காலம் தந்தையின் இனத்தைப் பின்பற்றியே பதியப்பட்டது. 2011 முதல் பெற்றோர் இருவரின் இனத்தையும் இணைத்துப் பதிய வழி ஏற்பட்டது. இரு நாட்டுப் பதிவேடுகளையும் ஒருங்கே பயன்படுத்துவோர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

குடும்ப வரலாற்றைத் தேடுவோர்க்கு

இவ்வமிசாவளி கற்பிக்கும் முறைகளைச் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

முதலாவதாக, ஊர்ப்பெயரை ஐயத்தோடு அணுக வேண்டும். ‘நாகப்பட்டினம்’ எனக் கூறும் குடும்பங்கள் பல, உண்மையில் கப்பலேறிய துறையையே கூறுகின்றன. 1926இல் கட்டப்பட்ட ரஜுலா போன்ற கப்பல்கள் நாகப்பட்டினத்தில் பயணிகளை ஏற்றிப் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வந்தன. உள்நாட்டுச் சிற்றூர்ப் பெயர் மறைந்து துறைமுகப் பெயர் நின்றுவிடுவது இயல்பு. நாகூர் என்னும் பெயர்க்கு வேறொரு சிக்கலும் உண்டு. தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே எழுந்த நாகூர் தர்கா, ஆண்டகையின் நினைவைச் சிங்கப்பூருக்கே கொணர்ந்தது. ‘நாங்கள் நாகூர்’ என்னும் கூற்று பிறந்த ஊரைச் சுட்டலாம். பக்தித் தொடர்பையும் சுட்டலாம்.

இரண்டாவதாக, ஒவ்வொரு பதிவும் எதற்காக எழுதப்பட்டது எனக் கேட்க வேண்டும். கணக்கெடுப்பு ஆட்சிக்காகவும், பயணப்பதிவு கட்டணத்துக்காகவும், குடும்ப வமிசாவளி மதிப்புக்காகவும் எழுதப்பட்டன. ஒன்று சொல்லாததை மற்றொன்று சொல்லும். சிங்கப்பூரில் 1979 முதல் திரட்டப்பட்டுவரும் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளும், தேசிய நூலக வாரியம் மின்வடிவாக்கியுள்ள பழைய நாளிதழ்களும் இத்தேடலுக்கு உரிய கருவிகள்.

மூன்றாவதாக, பெண்களின் பெயர்களை முதலில் கேட்க வேண்டும். ஆண்வழிப் பெயர்கள் பிறப்புச் சான்றிதழிலும் சொத்துப் பத்திரத்திலும் பெரும்பாலும் கிடைத்துவிடும். பெண்களின் இயற்பெயர், பிறந்தகம், அவர்கள் பேசிய மொழி ஆகியவை முதியோர் நினைவில் மட்டுமே இருப்பவை. அம்முதியோர் மறைந்தால் மீட்க வழியில்லை.

இதற்கு இக்கட்டுரையாளரின் வகுப்பறையிலிருந்து ஒரு சான்று கூறலாம். மலாய்க்காரர் எனப் பதியப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்த மாணவி ஒருவர், தம் குடும்ப வரலாற்றை ஆய்வேட்டுப் பொருளாக எடுக்க விரும்பினார். பெரியப்பா யேமன் என்றாராம். அத்தை நாகூர் என்றாராம். நோன்புப் பெருநாள் விருந்திலேயே இவ்வழக்கு வாக்குவாதமாகி, இருவரும் சில மாதங்கள் பேசாதிருந்தனர். தீர்ப்புக் கூறும்படி மாணவி கேட்டபோது, இக்கட்டுரையாளர் எண்மர் கட்டம் ஒன்றை வரைந்துகொடுத்து, அதை நிரப்பி வருமாறு கூறினார். இரு வாரங்கழித்து வந்தபோது மூன்று கட்டங்களே நிரம்பியிருந்தன, மூவரும் ஆண்கள். மீண்டும் சென்று பெண்களைப் பற்றி மட்டும் கேட்டு வந்தார். டன்லப் தெருப் பள்ளிவாசலுக்கு அருகே வாழ்ந்த தம் பூட்டியார், பிள்ளைகளைத் தமிழில் தாலாட்டியவர் என்பதை அப்போதுதான் அறிந்தார். அவர் பெயரை நினைவில் வைத்திருந்தவர் அத்தை ஒருவரே. யேமன் கதையைக் கட்டம் பொய்யாக்கவில்லை. அது மற்றொரு கட்டத்தில் அப்படியே நின்றது. பெரியப்பாவும் அத்தையும் ஒரே கட்டத்துக்காக வழக்காடியிருந்தனர்.

முடிவுரை

முன்ஷி அப்துல்லா தமிழரா என்னும் வினாவுக்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ விடையிறுப்பது எளிது. அவ்விரு விடைகளுமே அவர் எழுதிவைத்த எட்டுக் கட்டங்களில் சிலவற்றை அழித்தே பெறத்தக்கவை. மலாய் இலக்கியத்துக்கு அவர் தந்த கொடை மலாயருடையது. அதனைத் தமிழர் உரிமை பாராட்டிப் பறிக்க வேண்டியதில்லை. பெரியாச்சியும், பெயரறியாத அந்த நாகூர்ப் பெண்ணும் அவர் வரலாற்றின் பகுதிகள். அவர்களை மறைக்கவும் வேண்டியதில்லை.

தமிழாசிரியர் குடும்ப மரம் வரையுமாறு மாணவரைப் பணிக்கும்போது, வேரை ஒற்றை வேராக வரையும் பழக்கத்தை முதலில் மாற்ற வேண்டும். எட்டுக் கட்டங்களை வரைந்து கொடுத்தால் போதும். வெற்றாக நிற்கும் கட்டங்களே எங்கே, யாரிடம் கேட்க வேண்டும் என்பதை மாணவர்க்குக் காட்டும். சிங்கப்பூரில் அவ்வெற்றிடங்களை நிரப்பக்கூடிய முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்களிடம் கேட்பது இத்தலைமுறை மாணவரால் மட்டுமே இயலும்.